எங்கள் கவுன்சிலின் சென்டியாஸ் ஆலோசனைச் சேவை: இரண்டு ஆண்டு அனுபவம்

இங்கிலாந்தில் சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் சட்டம் சார்ந்த தகவலும் ஆலோசனையும் கிடைப்பதற்கு உள்ளாட்சி மன்றமான ஒவ்வொரு கவுன்சிலும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2014 ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் தன் 32 ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த ஏற்பாட்டைத்தான் பெரும்பாலான இடங்களில் சென்டியாஸ் என்று அழைக்கிறார்கள். வடமேற்கு லண்டனில் நாங்கள் வசிக்கும் பகுதியில் இயங்கும் இந்தச் சேவையை நானும் கணவரும் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். கட்டணம் எதுவும் இல்லை. நாம் சொல்வதை நம் அனுமதி இல்லாமல் பாடசாலையிடமோ கவுன்சிலிடமோ சொல்ல மாட்டார்கள். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். குறைத்த ஒரு புள்ளிக்கான காரணங்களைப் பின்னால் எழுதுகிறேன். இப்படி ஒரு சேவை இருப்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது என்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளி வாசலில் மற்றத் தாய்மாருடன் பேசும்போது காண்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத முற்பட்டேன்.

என் மகன் முதலாம் ஆண்டு வகுப்பில் இருந்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் தரைவிரிப்பில் அமர்ந்து கதை கேட்கும் நேரத்தில் அவன் மேசைக்குக் கீழே போய் இருந்துகொள்வான். கேள்வி கேட்டால் பதில் வராது; கேட்ட கேள்வியின் கடைசிச் சொல்லையே திருப்பிச் சொல்வான். பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையே போய்வரும் சிறிய தொடர்புப் புத்தகத்தில் ஏறத்தாழ எல்லா நாளும் ஒரே வரிதான் இருக்கும்: இன்று நல்ல நாள். எங்கள் கவலையைச் சொன்னபோது வகுப்பாசிரியை மிகவும் அன்பாக, வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இந்தத் தாமதம் என்றும், ஆங்கிலத்துக்கு மாறினால் ஓர் ஆண்டில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அவரை நம்பி ஆறு மாதம் வீட்டில் தமிழை நிறுத்தினோம். பிள்ளையின் பேச்சில் எந்த முன்னேற்றமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோ அழைப்பில் வரும் அம்மம்மாவுடன் அவனுக்கு இருந்த சில சொற்களும் போய்விட்டன. "ஏன் பிள்ளை, என்னோட கதைக்க வேண்டாமெண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டியே?" என்று என் அம்மா கேட்டதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

சென்டியாஸின் தொலைபேசி எண்ணை எனக்குத் தந்தவர் பாடசாலையைச் சேர்ந்தவர் அல்லர். மருத்துவ நிலையத்தின் காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருந்த ஒரு சோமாலியத் தாய். அழைத்துத் தகவல் விட்டேன். திருப்பி அழைக்க ஒன்பது வேலை நாட்கள் எடுத்தன. ஆனால் அழைத்த பெண்மணி நாற்பது நிமிடம் பேசினார். அதில் முதல் இருபது நிமிடம் நான் பேசவும் அவர் கேட்கவுமாகவே போனது. அடுத்த வாரம் நேரில் சந்தித்தபோது ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டார். இடப் பக்கத்தில் "பாடசாலை விரும்பினால் செய்யலாம்" என்றும், வலப் பக்கத்தில் "பாடசாலை செய்தே ஆக வேண்டும்" என்றும் எழுதினார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் அதை எந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும் என்று விளக்கி எழுதிக்கொண்டே போனார். உதவி என்று நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை வலப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. அந்தத் தாள் இன்றும் எங்கள் கோப்பின் முதல் பக்கமாக இருக்கிறது. இந்தச் சேவை எங்களுக்குச் செய்த பல உதவிகளில் மிகப் பெரியது அந்தக் கோடுதான்.

மொழி பற்றிய விடயத்தை அவர் முதலில் எடுத்துக்கொண்டார். வீட்டில் பேசும் மொழி பாடசாலையின் மொழியிலிருந்து வேறுபடுகிறது என்ற காரணத்தால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு சொல்கிறது. இதை அறிந்த சில பாடசாலைகள், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், எதிர்த்திசையில் தவறு செய்துவிடுகின்றன: ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள பிள்ளை தடுமாறினால் எல்லாவற்றையும் மொழியின் மேல் போட்டுவிட்டுக் காத்திருக்கின்றன. சிறப்புக் கல்வித் தேவை பற்றி 2015 இல் வெளியான அரசின் நடைமுறைக் கோவை அந்தக் காத்திருப்புக்கு இடம் தரவில்லை. பிள்ளை பின்தங்குவது ஆங்கிலம் போதாமையாலா, சிறப்புக் கல்வித் தேவையாலா என்பதைப் பாடசாலை எல்லாக் கோணங்களிலும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அது கேட்கிறது. பிள்ளைக்குத் தாய்மொழியிலும் அதே தடுமாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதே அதற்கான தெளிவான வழி என்று ஆலோசகர் சொன்னார். பின்னர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மகனைப் பரிசோதித்தபோது, தமிழிலும் அவன் கேள்விகளைத் திருப்பிச் சொல்வதையே கண்டார். தமிழைக் கைவிட வேண்டிய தேவை இல்லை என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே அம்மாவை அழைத்தோம்.

அடுத்தது பாடசாலையின் கடமைகள். அரசு நிதியில் இயங்கும் சாதாரணப் பாடசாலை, அது கவுன்சிலின் கீழ் இயங்காத அக்கடமியாக இருந்தாலும், சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கு வேண்டியது கிடைப்பதற்குத் தன்னால் இயன்ற முழு முயற்சியையும் எடுக்க வேண்டும் என்கிறது 66 ஆம் பிரிவு. இதற்கு முன்பு எந்த மருத்துவ முடிவும், எந்தச் சான்றிதழும், கவுன்சிலின் எந்த அனுமதியும் தேவையில்லை. "நோயறிதல் வரும்வரை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று எங்களிடம் சொல்லப்பட்டபோது அதைச் சட்டம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அது சட்டம் அல்ல. தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சிறப்புத் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளராக, அதாவது எல்லோரும் சொல்லும் சென்கோவாக, நியமிப்பதும் பாடசாலையின் கடமை. பிள்ளைக்குச் சிறப்பு உதவி வழங்கத் தொடங்கினால் அதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 68 ஆம் பிரிவு. அப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோரைப் பாடசாலை ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறையாவது சந்தித்துப் பேச வேண்டும் என்று நடைமுறைக் கோவை சொல்கிறது. என் மகன் ஐந்து மாதமாகச் சிறப்பு உதவிப் பட்டியலில் இருந்திருக்கிறான் என்பதும், வாரத்துக்கு இரு முறை ஓர் உதவியாளர் அவனை வெளியே அழைத்துச் சென்று படங்கள் காட்டிப் பழக்கியிருக்கிறார் என்பதும், சென்கோவுடனான முதல் சந்திப்பில்தான் எங்களுக்குத் தெரிய வந்தன. அந்த உதவியாளர் நல்லவர். அவர் எந்தப் படங்களைப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்திருந்தால் நாங்களும் வீட்டில் அதே படங்களை வைத்திருப்போமே என்பதுதான் என் வருத்தம்.

அந்தச் சந்திப்புக்கு ஆலோசகர் எங்களுடன் வந்தார். அவர் அங்கே அதிகம் பேசவில்லை. நாங்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த ஆறு கேள்விகளில் ஒன்று விடுபட்டபோது மட்டும் மெதுவாக நினைவூட்டினார். முடிவில், பேசி ஒப்புக்கொண்டவற்றை அன்றே மின்னஞ்சலில் எழுதி சென்கோவுக்கு அனுப்பும்படி எங்களிடம் சொன்னார். வாய்ப்பேச்சாக இருந்த ஒன்று அந்த மின்னஞ்சலால் பதிவாக மாறியது. இதன் பின்னர் மதிப்பிடுதல், திட்டமிடுதல், செய்தல், மீளாய்வு செய்தல் என்ற சுற்று எங்கள் பாடசாலையில் உண்மையாகவே நடக்கத் தொடங்கியது என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் வேறொரு சிக்கல் வந்தது. மதிய உணவு மண்டபத்தின் சத்தம் மகனுக்குத் தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அந்த நாட்களில் பதினொன்றரைக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்: இன்று அவனுக்கு மனம் அமைதியாக இல்லை, கூட்டிக்கொண்டு போக முடியுமா? ஒரே மாதத்தில் ஏழு முறை போனேன். வேலையிடத்தில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனேன். அமைதியாகட்டும் என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது, பெற்றோர் சம்மதித்தாலும், முறைப்படி இடைநிறுத்தமாகப் பதியப்படாவிட்டால் சட்டத்துக்கு மாறானது என்று ஆலோசகர் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. ஒழுக்கக் காரணத்துக்காகத் தலைமையாசிரியர் மட்டுமே பிள்ளையை வெளியேற்ற முடியும், அதையும் எழுத்தில் தர வேண்டும். சத்தத்தைத் தாங்க முடியாமல் அலறுவது ஒழுக்கக் கேடு அல்ல. இங்கே 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளை மற்றவர்களைவிடப் பாதிக்கப்படாதிருக்க நியாயமான மாற்றங்களைச் செய்வது பாடசாலையின் கடமை, அந்தச் செலவைப் பெற்றோரிடம் கேட்கவும் முடியாது. சிக்கல் வந்த பிறகு யோசிக்காமல் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டிய கடமை அது. தனியார் பாடசாலைகளையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும் என்பதைக் கட்டணம் கட்டிப் படிப்பிக்கும் நம் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எழுதிய ஒரு பக்கக் கடிதத்துக்குப் பிறகு, மகன் மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாக, இன்னும் இரண்டு பிள்ளைகளுடன், வாசிப்பறையில் இருந்து சாப்பிடத் தொடங்கினான். அவ்வளவுதான் அந்த நியாயமான மாற்றம். பதினொன்றரை அழைப்புகள் நின்றுவிட்டன. அதே ஆண்டின் விவசாயப் பண்ணைச் சுற்றுலாவுக்கு "தாய் வந்தால்தான் அவனும் வரலாம்" என்று சொல்லப்பட்டதையும் இதே வழியில் திருத்திக்கொள்ள முடிந்தது.

பிள்ளைக்குக் கவுன்சில் வழங்க வேண்டிய உதவிகளை எழுதிவைக்கும், இஎச்சி திட்டம் என்று எல்லோரும் சொல்லும் கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பித்த காலம்தான் சேவையின் உண்மையான பரீட்சை. பாடசாலை மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பது நம்மிடையே பரவலாக உள்ள தவறான எண்ணம். பெற்றோரே கவுன்சிலுக்கு நேரடியாக எழுதலாம். பாடசாலை முதலில் 6,000 பவுண் செலவழித்துக் காட்ட வேண்டும் என்பதும் இன்னொரு தவறான எண்ணம். அது பாடசாலையின் வரவுசெலவுக் கணக்கு சார்ந்த ஏற்பாடு, பிள்ளையை மதிப்பீடு செய்வதற்கான சட்ட நிபந்தனை அல்ல. 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36 ஆம் பிரிவு கேட்பது இரண்டே கேள்விகள்: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா அல்லது இருக்கக்கூடுமா, அதற்கு இப்படியொரு திட்டத்தின் வழியே உதவி தேவைப்படக்கூடுமா. இரண்டிலும் "கூடும்" என்ற சொல் இருப்பதை ஆலோசகர் மஞ்சள் நிறத்தால் குறித்துக் காட்டினார். நாங்கள் கடிதம் எழுதி ஆறு வாரம் முடியும் நாளில், பிள்ளை போதிய அளவு பின்தங்கவில்லை என்று கவுன்சில் மதிப்பீடு செய்ய மறுத்துவிட்டது. மேல்முறையீடு செய்ய முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மத்தியஸ்தச் சான்றிதழின் திகதியிலிருந்து ஒரு மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு. மத்தியஸ்தத்துக்குப் போவது நம் விருப்பம், ஆனால் இப்படிப்பட்ட மறுப்பை எதிர்ப்பதற்கு முன் மத்தியஸ்த ஆலோசகரிடம் பேசிச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் கட்டணம் இல்லை. தீர்ப்பு வரை போகும் வழக்குகளில் மிகப் பெரும்பான்மை பெற்றோர் பக்கமே முடிகின்றன என்பதை அரசின் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. நாங்கள் மத்தியஸ்தத்தைத் தேர்ந்தெடுத்தோம். திரையில் நடந்த ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில், சிகிச்சையாளரின் அறிக்கையைப் பார்த்த பிறகு, கவுன்சில் மதிப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

வரைவுத் திட்டம் தபாலில் வந்த நாளில் நான் மிகவும் மகிழ்ந்தேன். இருபத்திரண்டு பக்கம், மகனின் புகைப்படம் முன்பக்கத்தில். அதைத் திருத்தக் கேட்பதற்குக் குறைந்தது 15 நாட்கள் உண்டு என்பதால் ஆலோசகருடன் உட்கார்ந்து படித்தோம். தேவைகளைச் சொல்லும் பி பகுதி நன்றாக இருந்தது. உதவிகளைச் சொல்லும் எஃப் பகுதிக்கு வந்ததும் அவர் பேனாவை எடுத்தார். "மொழி வளர்ச்சிக்கான உதவியைப் பெற வாய்ப்பு", "தேவைக்கேற்ப", "இதனால் பயன் பெறுவான்", "இயன்றவரை" என்று வந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டம் போட்டார். மொத்தம் பத்தொன்பது வட்டங்கள். எஃப் பகுதியில் எழுதியிருப்பதைக் கவுன்சில் 42 ஆம் பிரிவின்படி வழங்கியே தீர வேண்டும். பணம் இல்லை, ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என்ன, எவ்வளவு, யாரால் என்று எழுதாத ஒன்றை எப்படி வழங்கச் செய்வது? சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாகவும் குறிப்பாகவும் எழுத வேண்டும் என்று நீதிமன்றம் 1990களிலேயே சொல்லியிருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். இறுதித் திட்டத்தில் அந்த வரி இப்படி மாறியது: வாரத்துக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், சிகிச்சையாளர் வகுத்த பயிற்சியை அதற்கெனப் பழக்கப்பட்ட உதவியாளர் தனியே நடத்துவார், பருவத்துக்கு ஒரு முறை சிகிச்சையாளர் பாடசாலைக்கு வந்து பார்ப்பார். இந்த ஒரு வரியால் என் மகனின் செவ்வாயும் வியாழனும் மாறிவிட்டன.

இனிக் குறைகள். காத்திருப்பு நீளமானது. முதல் அழைப்புக்கு ஒன்பது வேலை நாட்கள் என்றேன். வரைவுத் திட்டம் வந்தபோது சந்திப்புக் கிடைக்கப் பதினொரு நாள் ஆனது, மிஞ்சியது நான்கு நாள். காலக்கெடு உள்ள கடிதம் கையில் இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், முன்னுரிமை தருவார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் நமக்காகக் கடிதம் எழுதித் தருவதில்லை. நாம் எழுதியதைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பழக்கமில்லாத தாய்மாருக்கு இது பெரிய தடை. நான் இங்கே பல ஆண்டுகளாக அலுவலக வேலை செய்பவள், எனக்கே சிரமமாக இருந்தது. தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட அவர்களிடம் இல்லை, இத்தனைக்கும் எங்கள் பகுதியில் தமிழர் கடைகள் மட்டுமே ஒரு தெருவை நிரப்பும். கவுன்சிலின் பணத்தில் இயங்கும் சேவை கவுன்சிலுக்கு எதிராக நமக்கு உதவுமா என்ற கேள்வியும் நியாயமானதே. எங்கள் ஆலோசகர் ஒருபோதும் கவுன்சிலுக்காகப் பேசவில்லை. ஆனால் இறுதித் திட்டம் சட்டம் சொல்லும் காலத்தைவிடப் பல வாரம் பிந்தியபோது, முறைப்பாடு செய்யும் வழியைச் சொல்லுவதில் அவர் கொஞ்சம் மென்மையாக இருந்தார் என்றே எனக்குப் பட்டது. கவுன்சிலிடம் முறையிட்டும் தீராவிட்டால் உள்ளாட்சிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம் என்பதை நான் இப்சியாவின் இணையப் பக்கத்தில்தான் படித்தேன்.

இப்சியா தனித்து இயங்கும் தொண்டு நிறுவனம். அதன் மாதிரிக் கடிதங்களை நிரப்பி அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அவர்கள் நம் பாடசாலையை நேரில் அறிந்தவர்கள் அல்லர், நம்மோடு கூட்டத்துக்கு வர மாட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே எங்களுக்குப் பயன் தந்தது. காசு வாங்கும் தனியார் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். மதிப்பீட்டுக் கடிதம் எழுதும் கட்டத்தில் அவர்களிடம் போக வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.

இங்கே எழுதிய சட்டம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வேறு சட்டங்கள், வேறு சொற்கள். சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. உறவினர் பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள், நம் பிள்ளையைப் பற்றிய பேச்சை அவர்கள் சுமக்கத் தேவையில்லை. தொடர்புப் புத்தகத்தைக் கொண்டு போங்கள், அதில் "நல்ல நாள்" என்று மட்டும் எழுதியிருந்தாலும். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அழைத்த நாட்களைத் திகதியும் நேரமுமாக எழுதி வையுங்கள். எங்கள் ஏழு திகதிகள்தான் அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுத வைத்தன. திட்டத்தைக் குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை மீளாய்வு செய்ய வேண்டும். எங்கள் முதல் மீளாய்வு வரும் மாதம். பழைய அனுபவத்தால் இந்த முறை ஆறு வாரம் முன்பே ஆலோசகரிடம் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஏ பகுதியில் பிள்ளையின் சொந்த விருப்பங்களை எழுத வேண்டும் என்பதால், என்ன எழுதலாம் என்று நேற்று மகனிடம் கேட்டேன். சிறிது நேரம் பொறுத்து, தமிழில், "அம்மம்மா" என்றான்.